அரைத் தாளம் முந்தி

வெர்லீனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இன்றைக்காவது சரியாகப் பாடிவிட வேண்டும் என்று ஒடெல்லா காலையிலிருந்தே மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தொரு வயதில் பயமெல்லாம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்திருந்தாள். முழங்கால்தான் விட்டுப்போயிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், டெட்ராயிட்டில் கார் பட்டறைக்கு மேலிருந்த ஓர் ஒலிப்பதிவுக்கூடம். வெர்லீன் பாடகி, ஒடெல்லா பின்பாட்டு. கடைசிச் சரணத்தில் வெர்லீன் அழுகையை அடக்குகிற மாதிரி ஓர் இடைவெளி விடுவாள். அது முடிந்த பிறகுதான் பின்பாட்டில் ‘பொறு’ என்று வரவேண்டும். மூன்றாவது தடவை ஒடெல்லா அரைத் தாளம் முந்திவிட்டாள். இன்னொரு தடவை என்று வெர்லீன் கெஞ்சினாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், இதுவே போதும் என்றார்.

அந்தத் தப்போடுதான் பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. கிராமியப் பாடகர் ஒருவர், லண்டன் நீளமுடிப் பையன்கள், டிஸ்கோக்காரர்கள், கடைசியில் ஒரு சோப்பு விளம்பரம் வரைக்கும் அதை மறுபடி பாடிய அத்தனை பேரும் அதே இடத்தில் முந்தினார்கள். வெர்லீன் விடாப்பிடியாக இரண்டு தரம் திருத்திப் பாடி இசைத்தட்டுப் போட்டாள், சீந்துவாரில்லை. “என் அழுகைய அவ தின்னுட்டா” என்று அவள் சொன்னது ஒடெல்லாவின் காதுக்கும் வந்தது. அதோடு பேச்சு நின்றது. ஒடெல்லா மன்னிப்புக் கேட்கவேயில்லை. முதலில் வீம்பு, அப்புறம் வெட்கம்.

போன வாரம் வெர்லீனின் மகள் ரேனல் கூப்பிட்டாள். “அம்மா உங்களத்தான் பாடச் சொல்லிட்டுப் போயிருக்காங்க ஆன்ட்டி. எப்படிப் பாடணும்னு சொல்லல.”

தேவாலயம் நிரம்பியிருந்தது. கடைசிச் சரணம். ஒடெல்லா அந்த இடைவெளியை விட்டு, வாயை இறுக மூடி, எண்ணினாள்.

‘பொறு’ என்றது கூட்டம், நானூறு தொண்டையும் ஒன்றாக, அரைத் தாளம் முந்தி. ரேனலும்தான்.

ஒடெல்லாவின் ‘பொறு’ சரியான இடத்தில் வந்தது, எல்லாருக்கும் பின்னால், தன்னந்தனியாக. ஆர்கன் தடுமாறியது. துக்கத்தில் கிழவிக்குத் தாளம் தப்பிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தடுக்கியவரை அங்கே யாரும் அப்படியே விட்டுவிடுவதில்லை.

“பரவாயில்ல சிஸ்டர்,” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. “மெதுவாப் பாடுங்க.”

பரவாயில்ல, பரவாயில்ல என்று வரிசை வரிசையாக வந்தது. நாற்பது வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கிய சொல். ஒடெல்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சரணத்தை மறுபடி தொடங்கினாள். இடைவெளி வந்தது. இந்தத் தடவை ஒருவரும் முந்தவில்லை. ஆர்கன்காரரின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே நின்றன, கூட்டத்தில் அசைந்துகொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன, எல்லாரும் அவளுக்காகப் பொறுத்திருந்தார்கள்.