மணி போட்டு எழுதிய மூன்று நாள்

பதினாறு வருடமாக என் பிழைப்பு ஒன்றுதான். கேட்டவர்களுக்குச் சொல்வது. கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், எனக்கென்று ஒரு மேசை. மேசை மேல் ஊர் வரைபடம் ஒரு கட்டு, பேனா இரண்டு, பின்னால் நான். எந்தக் கடலில் குளிக்கலாம், எதில் காலைக்கூட நனைக்கக் கூடாது, படகு எத்தனை மணிக்கு, வயிற்றைக் கலக்கினால் எந்த மருந்துக்கடை என்று கேட்பார்கள். சொல்வேன். ஹோட்டலில் எனக்கு 'விசாரணை அக்கா' என்று பெயர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் எனக்கு ஆள் கிடையாது.

இந்த வேலைக்கு இரண்டே இரண்டு விதிகள். மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். விருந்தாளி கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அவராக நடந்து வரட்டும், அவராகக் கேட்கட்டும். நாமாகப் போய்ப் பேசினால் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து ஓடிவிடுவார்கள். இரண்டாவது, ஊர் சுற்றத் திட்டம் எழுதிக் கொடுத்தால் அதில் காலி நேரம் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும், விருந்தாளிக்கு ஏசி சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும், துண்டில் கறை தெரிய ஆரம்பித்துவிடும். நேராகப் புகாரோடு வந்து நிற்பார். மேலாளர் மற்ற விஷயங்களில் அரை வேக்காடு என்றாலும் இந்த இரண்டிலும் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

இந்த ஊர் எப்போதும் ஜேஜே என்று இருக்கும். அதனால்தான் வருகிறார்கள். வந்து என்ன செய்கிறார்கள் என்று என்னைக் கேளுங்கள். சிவப்புக் கொடி பறக்கும்போதே "சும்மா முட்டி வரைக்கும்தான்" என்று கடலில் இறங்குவார்கள். உச்சி வெயிலில் மல்லாந்து படுத்துவிட்டு, சாயங்காலம் வெந்துபோன தோளோடு வந்து, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னை முறைப்பார்கள். இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கு ஒரே காரணம், இவர்கள் மூன்றாம் நாள் போய்விடுவார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு.

"அக்கா, பள்ளிக்கூட லீவுல நாங்க நாலு பேரும் உங்க ஊருக்கு வர்றோம். மூணு நாள். என்ன பார்க்கலாம், எப்படிப் போகலாம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். எழுதி அனுப்பு."

ஏழு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது இங்கே சீசன். ஹோட்டல் நிரம்பி வழிந்தது. தகவல் வந்தும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் சண்டை போட்டுக் கேட்கவில்லை. போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தம்பி வாசலிலேயே நின்றான். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. "எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ போய் உன் விருந்தாளிங்களைப் பாரு" என்றான். வந்த டாக்சியிலேயே ஏறித் திரும்பிவிட்டேன். ரோஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அதற்கப்புறம் அவனுக்கு ஒரு பையன் பிறந்ததுகூட ஒரு சொந்தக்காரி சொல்லித்தான் தெரியும்.

செய்தியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. 'உங்க ஊர்' என்று எழுதியிருந்தது மட்டும் சுருக்கென்றது. எனக்கு என்னவோ இந்த ஊரை எழுதிக் கொடுத்துவிட்டது மாதிரி.

அன்று வேலை முடிந்து அறைக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். என் அறை சலவைக்காரர்கள் தெருவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் காய்வது தெரியும். நான்கு பக்கம் எழுதினேன். பதினாறு வருடத்தில் யாருக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. என் ஹோட்டல் இருக்கும் பெரிய கடற்கரைப் பக்கம் தங்க வேண்டாம், சத்தம் அதிகம், நடக்கவிடாமல் மொய்த்துக்கொள்வார்கள், குழந்தைகள் தூங்காது என்று எழுதி, வடக்குக் கோடியில் அமைதியான ஒரு சின்ன விடுதியைச் சொன்னேன். முதல் நாள் நாலு மணிக்குக் கலங்கரை விளக்கம். இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, அலைத் தடுப்புக்கு உள்ளே அலையே இல்லாத சின்னக் கடற்கரை, அதில் வலது ஓரம், காலடியில் மணல்தான், கல் கிடையாது. பதினோரு மணிக்கு மேல் வெயிலில் நிற்க வேண்டாம், மீன் காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். படகில் பின்பக்கம் நடுவில் உட்காருங்கள், குமட்டாது. போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடு. முதலில் வந்து கையைப் பிடித்து இழுக்கிற ஆட்டோவில் ஏறாதே. மூன்றாம் நாள் நாலு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது வரை, மணி போட்டு எழுதினேன். ஒரு நிமிடம் காலி கிடையாது.

கடைசியில் 'ஒரு வேளை என் அறைக்கு வாங்க' என்று சேர்த்தேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். அவன் கேட்டது ஊரைப் பற்றி, என்னைப் பற்றி இல்லை. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது அவன், கூப்பிட வேண்டியதும் அவன்தான். மனம் இருந்தால் இதில் எதையாவது தள்ளிவிட்டு வருவான், அப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டேன். "ரொம்ப நன்றி" என்று பதில் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் மூன்று நாள் லீவு போட்டேன். மேலாளர் நிமிர்ந்து பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ஒன்றுமில்லை, வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றேன். உனக்கா என்று கேட்க வாயெடுத்து, நல்ல வேளை, விழுங்கிக்கொண்டார். அறையை இரண்டு முறை கழுவினேன். பிளாஸ்டிக் நாற்காலி மூன்று வாங்கிப் போட்டதில் நடக்க இடம் இல்லாமல் போயிற்று. சின்னதுகள் படம் வரையும் என்று கலர் பென்சில் வாங்கி, டப்பாவைத் திறந்து முனையெல்லாம் சீவி வைத்தேன்.

முதல் நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்கு இப்போது கலங்கரை விளக்கத்தில் ஏறுவார்கள், ஐந்துக்கு இறங்கியிருப்பார்கள், ஆறுக்கு மணலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு எல்லாமே தெரியும். போன் மட்டும் அடிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை பொறுக்க முடியவில்லை. எட்டு மணிக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஏழே முக்காலுக்கே போய், வாடகைக் குடைகளை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குடைக்காரர் தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறவர், சீருடை இல்லாததால் அடையாளம் தெரியாமல் குடை வேண்டுமா என்று கேட்டார்.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார்கள். தம்பிக்குத் தொந்தி போட்டிருந்தது. முன்னந்தலை வழுக்கை, அச்சு அசல் அப்பா. அவன் மனைவி போனைப் பார்த்துப் பார்த்து, நான் எழுதியிருந்த வலது ஓரத்துக்கே எல்லாரையும் நடத்திப்போனாள். எட்டு வயதுப் பெண் உட்கார்ந்து மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். பையன் தண்ணீருக்கு ஓடினான், அம்மா பின்னாலேயே ஓடினாள். தம்பி மட்டும் கடலைப் பார்க்கவில்லை. எனக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றான். கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி சாலையைப் பார்த்தான். படகுக்காரனுக்காகக் காத்திருக்கிறான், அவசரக் குடுக்கை, படகு ஒன்பதரைக்கு என்று எழுதியிருந்தேனே என்று நினைத்தேன்.

முப்பதடி தூரம்தான். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பழக்கம் இல்லை. பதினாறு வருடமாக, நடந்து வந்து கேட்டவர்களோடுதான் பேசியிருக்கிறேன். அவன் ஒரு தரம் திரும்பட்டும், ஒரு தரம் பார்க்கட்டும், போதும் என்று நின்றேன். என் தம்பியை எனக்குக் கூப்பிடத் தெரியவில்லை. ஒன்பதேகாலுக்கு, நான் எழுதிக் கொடுத்தபடியே, சாமான்களைச் சுருட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டார்கள். மணலில் குழந்தை தோண்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அங்கே எல்லாருக்கும் உப்புத் தண்ணீரில் கண் சிவந்துதான் இருக்கும், யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் எங்கும் போகவில்லை. நாலு மணி ஆனதும் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்தேன். ஐந்தரைக்கு போன் அடித்தது. தம்பி.

விமான நிலையத்தில் இருப்பதாகச் சொன்னான். உள்ளே வந்தாயிற்று, பெட்டிகளைப் போட்டாயிற்று, எல்லாம் நீ எழுதின மாதிரியே சரியாக இருந்தது என்றான். சந்தோஷம் என்றேன், மேசையில் சொல்கிற அதே குரலில். பின்னால் ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்க்கா வரல?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"எங்கன்னா? எட்டு மணிக்கு இங்க, வலது ஓரத்துல நில்லு, நாலு மணிக்கு அங்கன்னு மணி போட்டு எழுதியிருந்த. நீ வந்து பார்க்கறதுக்குத்தான் அப்படி எழுதியிருக்கன்னு நான் நெனச்சேன். ஒரு நிமிஷம் தவறக் கூடாதுன்னு சின்னவனைத் தூக்கத்துலயே தூக்கிட்டு ஓடினேன்."

அவன் மனைவி அப்போதே வேறு மாதிரி சொன்னாளாம். அக்கா தன் ஹோட்டல் பக்கமே வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், நம்மைப் பார்க்க இஷ்டமில்லை போல என்று. இவன் கேட்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் சாலையைப் பார்த்தே நின்றிருக்கிறான். நேற்று சாயங்காலத்தோடு, அவள் சொன்னதுதான் சரி என்று விட்டுவிட்டானாம்.

உட்கார்ந்துவிட்டேன். சத்தத்துக்காகச் சொன்னேன், குழந்தைகள் தூங்க வேண்டுமே என்று சொன்னேன், அது எல்லாருக்கும் எழுதுகிற முறைதான் என்று எதையெதையோ சொன்னேன். அவன் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். எதுவும் அவனிடம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. அப்புறம்தான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"வந்தேன்டா. நேத்து காலையில, எட்டு மணிக்கு. குடை அடுக்கியிருந்தாங்களே, அதுக்குப் பின்னாடி நின்னேன். நீ சாலையைப் பார்த்துட்டு இருந்த."

போன் நின்றுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

"பாப்பா சொன்னா" என்றான் கடைசியில். "குடைக்குப் பின்னாடி ஒருத்தங்க நம்மளையே பார்த்துட்டு நிக்கறாங்கப்பான்னு வந்து சொன்னா. நான்தான், அப்படியெல்லாம் யாரையும் உத்துப் பார்க்கக் கூடாது, திரும்பி உட்காருன்னு அதட்டினேன்."

பக்கத்தில் அவள் நின்றிருக்க வேண்டும். "அவங்கதானாப்பா அத்தை?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆமாம்மா என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. பிறகு ஒலிபெருக்கியில் அவர்களுடைய விமானத்துக்குக் கூப்பிட்டார்கள், வரிசை நகர்கிறது என்று சொல்லி போனை வைத்தான்.