ஆறட்டும் என்றொரு ஊர்

படகுத்துறையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிட்டது. கூடப்பிறந்த உரிமையோடு கூப்பிட்டவன் ஒருவன்தான்: அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு ஓட்டிய அவள் தம்பி. தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்.

ஒருநாள் காலை அவன் விறகை மழையில் போட்டுவிட்டு மறந்துபோனான். அடுப்பு புகைந்தது, அக்காவும் புகைந்தாள்.

"கழுதை வயசாச்சு, விறகை உள்ள எடுத்துப்போடத் தெரியாதா? உனக்குச் சோறு ஒரு கேடா!" என்று கத்திக்கொண்டே அவன் தட்டில் சோறு போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குழம்பை ஊற்றினாள்.

அக்கரையில் யாரோ படகுக்காகக் கைதட்டினார்கள். அவன் துடுப்பை எடுத்தான்.

"குழம்பும் கொதிக்குது, நீயும் கொதிக்கிற. ரெண்டும் ஆறட்டும்க்கா. வந்து சாப்பிடறேன்."

சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, நடு ஆற்றில் வெள்ளம் அடித்துவந்த மரமொன்று படகைப் புரட்டிவிட்டது. படகில் வந்த ஒரு தாயையும் அவள் கைக்குழந்தையையும் கவிழ்ந்த படகின்மேல் ஏற்றிவிட்டவனைச் சுழல் இழுத்துக்கொண்டது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அவன் போய்விட்டான் என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லை. பெஞ்சின் ஓரத்தில் தினமும் ஒரு தட்டில் சோறு வைத்தாள். "யாருக்கும்மா இது?" என்று கேட்டால், "ஆறட்டும்" என்பாள்.

வழிப்போக்கர்கள் ஆறட்டும் கடை என்றார்கள். பிறகு ஆறட்டும் துறை. சுற்றிலும் வீடுகள் வந்ததும் ஊருக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அக்காவின் தலை நரைத்தபின் பாலம் வந்தது, பெயர்ப்பலகை நட ஆட்கள் வந்தார்கள். அன்று பிழைத்த குழந்தை இப்போது பள்ளிக்கூட டீச்சர். அவள்தான் வந்து கேட்டாள்.

"அத்தை, வேற பேர் எழுதச் சொல்லட்டுமா? இதைக் கேட்கிறப்பல்லாம் உங்க முகம் செத்துப்போகுதே."

"அவன் கடைசியாப் பேசினது அதுதான்டி. நான் ஒரு பதில் சொல்லலை. போறவங்க வர்றவங்க வாயிலயாவது அது இருக்கட்டும்."

பலகை நட்ட அன்று கடை திறக்கவில்லை. டீச்சர் வந்து கதவைத் தட்டினாள். உள்ளே அக்கா, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.