கூரைக்கடியில் ஒரு சாண்

திருவட்டாறு ரோட்டில் இருந்த வைகுண்டராஜனின் கார் ஒர்க்‌ஷாப்பில் பங்குனி மத்தியானத்தில் நிற்க முடியாது. தகரக் கூரை கொதிக்கும். இரும்பைத் தொட்டால் கை பொத்துப்போகும். அங்கே மெக்கானிக்காக இருந்த ஜெஃப்ரின் இரண்டு தடவை தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான், கூரை வேலை செய்கிற முருகதாஸை வைகுண்டராஜன் கூப்பிட்டார்.

முருகதாஸ் ஏறிப் பார்த்தான். தகரத்துக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் விரித்தால் சூடு இறங்காது என்றான். ஆனால் உள்ளே தங்குகிற காற்றும் வண்டிப் புகையும் வெளியே போக வழி வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடைவெளியை அப்படியே விட்டு, காற்றுக்குத் தானே சுற்றும் விசிறி இரண்டை முகட்டில் வைக்கலாம் என்றான். வைகுண்டராஜன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் சாரல் அடிக்கிறது, மரநாய் இறங்கி வண்டி மேலெல்லாம் அசிங்கம் பண்ணுகிறது, அதையும் சேர்த்து அடைத்துவிடு என்றார். விசிறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். முருகதாஸ் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு தன் கையாலேயே ஃபோமைத் திணித்து, விளிம்பெல்லாம் பசை பூசி அடைத்தான்.

சித்திரை முழுக்க உள்ளே குளுமை. வழியில் பார்த்தபோது ஜெஃப்ரின் பைக்கை நிறுத்தி, ஏசி போட்ட மாதிரி இருக்கிறது என்று முருகதாஸின் கையைப் பிடித்துச் சொன்னான்.

ஆனி மழையில் ஒரு நாள், சாரல் வராமலிருக்க ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, ஒரு பழைய காரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் ஜெஃப்ரின். டீ குடித்துவிட்டு வந்த வைகுண்டராஜன் ஷட்டரைத் தூக்கியபோது அவன் டயர் பக்கத்தில் கிடந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் முருகதாஸ் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனான். வண்டிப் புகை ரத்தத்தில் ஏறிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, ஞாபகம் தெளிய நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெஃப்ரினின் மனைவி ஜினி வராந்தாக் குழாயில் ஃபிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவிய ஷட்டர இறக்கினதுதான் தப்புன்னு மொதலாளி சொல்லுகாரு. வாற ஆளுவகிட்ட எல்லாம் அதையே சொல்லுகாரு," என்றாள்.

முருகதாஸ் எதையும் சொல்லாமல் திரும்பியிருக்கலாம். அவனை யாரும் குறை சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான்.

"ஷட்டர் மட்டும் காரணமில்ல மக்கா. மேல ஒரு சாண் எடம் கெடந்துது. பொகை அதுவழியா போயிருக்கும். அத அடைச்சது நான்."

அவள் குழாயை மூடினாள். "அடைச்சா இப்பிடி ஆவும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஜினி உள்ளே போய்விட்டாள். முருகதாஸ் ஜெஃப்ரினைப் பார்க்காமலே திரும்பினான்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப் திறந்ததும் முருகதாஸ் ஏணியைச் சாத்தி ஏறி, இடைவெளியில் திணித்த ஃபோமைக் கத்தியால் கீறிக் கீழே போட்டான். யாரைக் கேட்டுப் பிரிக்கிறாய் என்று வைகுண்டராஜன் சத்தம் போட்டார். அவன் நாலு பக்கமும் பிரித்து முடித்தான். இறங்கி வந்து, ஜினியிடம் சொன்னதைச் சொன்னான்.

"அடைக்கச் சொன்னது நாந்தான்னு நீங்களும் போய்ச் சொல்லணும் அண்ணாச்சி."

வைகுண்டராஜன் அன்று போகவில்லை. நான்கு நாள் கழித்துப் போய்ச் சொன்னார். ஜினி அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாளாம், அவர் சொல்லி முடித்ததும் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாளாம்.

ஆவணியில் ஜெஃப்ரின் அருமனையில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். இப்போதும் சில நாள் ஒரு சாமானை எடுத்துக்கொண்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நிற்கிறான் என்று கேள்வி. முருகதாஸ் அருமனைப் பக்கம் வேலைக்குப் போவதில்லை.