நாற்பத்திரண்டு வயது மாணவர்

நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே இருந்த போர்டு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. மெய்யநாதன் அதன் தலைமை ஆசிரியர். 1927ஆம் வருஷக் கோடையில் வந்த இன்ஸ்பெக்டர், இன்னும் இரண்டு வருஷத்தில் பள்ளியை எட்டாம் வகுப்பு வரை உயர்த்தப் போவதாகச் சொன்னார். ஊருக்குச் சந்தோஷம். மெய்யநாதனுக்குத்தான் கலக்கம். அவரிடம் இருந்தது லோயர் கிரேடு சர்ட்டிபிகேட். எட்டாம் வகுப்புப் பள்ளிக்குத் தலைமை ஏற்க ஹையர் கிரேடு வேண்டும்.

"மதுரை டிரெயினிங் பள்ளியில ரெண்டு வருஷம் தங்கிப் படிங்க. இல்லேன்னா வேற சின்னப் பள்ளிக்கு மாற்றல் கேளுங்க. ரெண்டும் வேண்டாம்னா புதுசா வர்றவருக்குக் கீழே இங்கேயே இருங்க" என்று இன்ஸ்பெக்டர் மூன்று வழிகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி அழகி கடலை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "படிக்கப் போங்க" என்றாள்.

"நாப்பத்திரெண்டு வயசுல பொடிப்பயலுகளோட பெஞ்சில உட்காரச் சொல்லுறியா?"

"எட்டாவது வரணும்னு பத்து வருஷமா மனு எழுதுனது நீக. வந்தப்புறம் வேற ஆளு நடத்துறதை நின்னு பாப்பீகளா?"

"வயலு?"

"இம்புட்டு நாளும் அங்குட்டு வந்தவுக மாதிரில்ல கேக்குறீக" என்று சிரித்தாள் அவள். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருந்தது இவர்கள் இருவர்தான். சிரித்து முடித்தபிறகு அவள் குனிந்த தலை நிமிராமல் கடலையையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். மறுநாள் மனுப் போட்டார்.

டிரெயினிங் பள்ளியில் முதல் நாள், போதனாமுறை வகுப்புக்கு ஆசிரியர் உள்ளே வந்தார். மாணவர்களோடு மெய்யநாதனும் எழுந்து நின்றார். வந்தவர் வாசற்படியிலேயே திகைத்து நின்றுவிட்டார். இருபத்தாறு வயது இருக்கும். பி.ஏ., எல்.டி. படித்தவர். பெயர் வயிரவன்.

மெய்யநாதனுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் ஊர்ச் சேரியிலிருந்து கூலி வேலைக்கு வந்த பெத்தனுடைய மகன். அவரிடம் மூன்று வருஷம் படித்த பையன்.

வகுப்பு முடிந்ததும் வயிரவன் ஓடி வந்தார். "ஐயா, நீங்க எனக்கு எந்திரிச்சு நிக்கக் கூடாது."

"வகுப்புல நீக வாத்தியாரு. நான் நின்னாத்தான் மத்தவனும் நிப்பான், சார்" என்றார் மெய்யநாதன்.

'சார்' என்ற சொல்லைக் கேட்டு வயிரவன் கூசிப்போனார்.

மூன்றாம் மாதம் மாதிரிப் பாடம் வந்தது. பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பேட்டில் குறை நிறைகளை எழுதுவார். மெய்யநாதன் வைகை நதியைப் பற்றி நடத்தினார். குறிப்பேடு திரும்பி வந்தபோது அதில் 'மிக நன்று' என்று ஒரே வரி. பக்கத்தில் இருந்த இளைஞனுக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தது.

அன்று சாயங்காலமே வயிரவனுடைய அறைக்குப் போனார்.

"எனக்கு மட்டும் ஏன் ஒரே வரி?"

"குறை ஒண்ணும் படலைங்கய்யா."

"உன் சிலேட்டுல தப்பு இருந்தப்ப நான் பாக்காத மாதிரிப் போயிருந்தா, நீ இங்குட்டு வந்திருப்பியா? சொல்லுப்பா."

வயிரவன் மெல்லச் சொன்னார்: "கேள்வி எல்லாம் முன் ரெண்டு வரிசைக்கே போச்சுங்கய்யா. கடைசியில ஒருத்தன் நாலு தடவை கை தூக்கினான். அப்புறம் விட்டுட்டான்."

மெய்யநாதன் யோசித்தார். தன் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் யார் யார் உட்காருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் ஏற்பாடு செய்யவில்லை. மாற்றவும் இல்லை.

"நீயும் அங்கதான இருந்தே?"

"ஆமாங்கய்யா."

"நான் உன்னைக் கேள்வியே கேட்டதில்லையா?"

"கேட்டதில்லை. ஆனா உங்க குரல் கடைசி வரைக்கும் நல்லாக் கேக்கும். மத்தவுகளுக்குச் சொன்னதை வச்சுத்தான் நான் படிச்சேன்."

மெய்யநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குறிப்பேட்டை நீட்டி, "இதை அப்படியே எழுதுப்பா" என்றார். வயிரவன் ஒன்றரைப் பக்கம் எழுதினார். முடியும்வரை மெய்யநாதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் தேறினார். செய்முறையில் முதல் வகுப்பு, கணக்கில் தட்டுத்தடுமாறி. பள்ளியும் உயர்ந்தது. ஆறாம் வகுப்பு தொடங்கிய நாளுக்கு அவர் அழைத்து வயிரவன் மதுரையிலிருந்து மோட்டாரில் வந்தார். சின்ன வயதில் அந்த ஊரில் எத்தனையோ வீடுகளின் வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே போனதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் தயங்கியவரை அழகி கூப்பிட்டாள்.

"உள்ள வாங்க தம்பி. இலை போட்டாச்சு."

இரண்டு இலைகளும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அழகி அதைப் பார்த்தும் பாராதவள் போலக் குழம்பை ஊற்றினாள்.

"இவுகளுக்குப் பாடம் சொல்றது கஷ்டமா இருந்துச்சா தம்பி?"

வயிரவன் மெய்யநாதனைப் பார்த்தார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கஷ்டமில்லம்மா" என்றார் வயிரவன். "மத்தியான வகுப்புல மட்டும் தூங்கிருவாக."