மலை தெரியாத இடம்

கணேசலிங்கத்தின் மலை பிளைவுட்டில் செய்தது. லிட்கம் தமிழ்ச் சங்க மண்டபத்தின் மேடையை நிறைத்து, பாதித் தரைக்கும் இறங்கி நின்றது. சாம்பல் நிறம் இன்னும் காயவில்லை.

சங்கத்துக்கு நெடுங்காலமாக அவர்தான் தலைவர். ஆண்டுவிழா நாடகமும் அவருடையதுதான். இந்த முறை ரோமாபுரி. பெருங்குடியில் பிறந்த மார்க்கஸ் மான்லியஸின் கதை. எதிரிகள் இருட்டில் மலையேறி வந்தபோது வாத்துகள் கத்தின. முதலில் விழித்தவன் மான்லியஸ். உச்சிக்கு வந்தவனைக் கேடயத்தால் இடித்து உருட்டினான். நகரம் தப்பியது. பின்னாளில் அவன் கடனாளிகளின் பக்கம் போனான். அவன் அரசனாகப் பார்க்கிறான் என்று அவனுடைய குலத்தாரே வழக்குப் போட்டார்கள்.

மான்லியஸ், கணேசலிங்கம். வழக்குத் தொடுப்பவன், துஷாந்த். துஷாந்துக்கு நகரின் மறுகோடியிலுள்ள கெல்லிவில்லில் வீடு. சங்கத்தின் செயலாளர் வேலையும் அவனிடம்தான்.

ஒத்திகையில் கணேசலிங்கம் மலையை நோக்கிக் கையை நீட்டிக்காட்டினார். வழக்கு முதலில் திறந்த வெளியில் நடந்தது, மான்லியஸ் இப்படித்தான் காட்டினான், மலையைப் பார்த்த ஒருவருக்கும் அவனைத் தண்டிக்க மனம் வரவில்லை என்றார்.

"பிறகு என்னெண்டு தண்டிச்சவை, அங்கிள்?" துஷாந்த் கேட்டான்.

"வழக்கை ஒரு தோப்புக்குள்ளை மாத்தினவை. அங்கையிருந்து பாத்தா மலை தெரியாது. கண்ணிலை படாட்டிச் சனம் மறந்திடும், தம்பி. கடைசியிலை அதே மலையிலயிருந்துதான் ஆளைத் தள்ளினவை."

துஷாந்த் தலையாட்டினான். "கெட்டிக்காரங்கள்," என்றான்.

மண்டபத்தின் கூரையில் ஒட்டுப்போட்ட ஓரிடத்தில் மட்டும் வெள்ளை வேறாக இருக்கும். ஒரு சரஸ்வதி பூசையன்று ஆலங்கட்டி மழை அந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. கீழே பிள்ளைகள். கணேசலிங்கம் தார்ப்பாயோடு ஏணியில் ஏறி, மழை விடும்வரை ஓட்டையை அடைத்துப் பிடித்தார். ஏணியைப் பிடித்தவர் சங்கத்தின் பழைய உறுப்பினர் கிளமெண்ட். இறங்கும்போது கணேசலிங்கம் விழுந்தார். இடது கால் அதன்பிறகு சரிவரவில்லை.

கூட்டங்களில் யாராவது அவரை மடக்கிக் கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை. அந்த இடத்தை நிமிர்ந்து பார்ப்பார். சபையும் பார்க்கும். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார்.

இந்த வருடக் கேள்வி கொஞ்சம் பெரிது. ஊரிலிருந்து படகில் வந்து இன்னும் விசா முடிவாகாத அனுஷனையும் அவனுடைய கூட்டாளிகளையும் வாடகை வீட்டிலிருந்து வீட்டுக்காரர் எழுப்பியபோது, கணேசலிங்கம் மண்டபத்தைத் திறந்துவிட்டார். குளிர்காலம் முழுக்க அங்கேயே படுத்தார்கள். அடுத்து, அவர்களை வாக்குள்ள உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும் என்றார். மண்டபத்தில் ஆட்கள் தங்கினால் இன்சூரன்ஸ் போகும், கவுன்சில் வந்து பூட்டும் என்றது நிர்வாகக் குழு. ஆள் சேர்க்கிறார், சாகும்வரை தலைவராக இருக்கப் பார்க்கிறார் என்பது அவர்களுடைய வாட்ஸ்அப் பேச்சு. வரப்போகும் பொதுக்கூட்ட வாக்கெடுப்பில் அவர் தோற்றால் அனுஷனும் மற்றப் பெடியளும் அன்றைக்கே வெளியேற வேண்டும். போக அவர்களுக்கு வேறு இடமில்லை.

கூட்டத்துக்காக மலையைக் கழற்றலாமா என்று துஷாந்த் கேட்டான். கழற்றினால் பொருத்துகள் தளர்ந்துவிடும், ஒருவரும் தொடக்கூடாது என்றார் கணேசலிங்கம். மறுநாள் மாலை எல்லோருக்கும் செய்தி வந்தது. மண்டபத்தில் நாடகக் காட்சியமைப்பு இருப்பதால் பொதுக்கூட்டம் கெல்லிவில்லில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடைபெறும். கார் நிறுத்தத் தாராளமாக இடமுண்டு.

முதலில் வாசித்தவள் அவர் மனைவி யோகா. குசினியிலிருந்து வந்து போனை அவர் முன்னால் வைத்தாள்.

"இது உங்கடை நாடகமெல்லோ," என்றாள்.

அவர் சிரித்தார். ரோமாபுரிச் சனம் வேறு, தன் சனம் வேறு என்றார்.

"மலையைக் கழட்டுங்கோ. நாடகம் இல்லாட்டியும் பரவாயில்லை. கூட்டம் அங்கை நடக்கட்டும்."

அடுத்த நாள் திருப்புளியோடு மண்டபத்துக்குப் போனார். அனுஷன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். மலைக்குப் பின்னால் அவர்களுடைய மெத்தைகள் சுருட்டிக் கிடந்தன.

"கழட்டுவமோ, அண்ணை?"

கணேசலிங்கம் இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். உச்சிப் பாறையில் நிறம் நன்றாகப் பிடித்திருந்தது. இப்போது கழற்றினால் பயந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

"வேண்டாம். நல்லா நிக்குது."

அனுஷன் கையை எடுத்தான்.

கெல்லிவில் மண்டபத்தில் தரைவிரிப்பு புதிது. அனுஷனுக்கும் மற்றவர்களுக்கும் அங்கே பேச உரிமை இல்லை. அவர்கள் லிட்கத்திலேயே இருந்தார்கள். துஷாந்த் மரியாதையாகப் பேசினான். அங்கிளின் சேவையை ஒருவரும் மறுக்கவில்லை என்றான். இரண்டு தரம் சொன்னான். பிறகு அவர் பக்கம் திரும்பினான்.

"அந்தப் பெடியளாலை மண்டபத்துக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு, அங்கிள்?"

கணேசலிங்கம் எழுந்தார். பழக்கம். கண் மேலே போனது.

ஒரே வெள்ளை. வரிசையாக விளக்குகள். முன்வரிசையில் சிலர் தாங்களும் மேலே பார்த்தார்கள். விளக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

அவர் வாயைத் திறந்தார். எந்தச் சொல்லும் தயாராக இல்லை. எத்தனையோ வருடங்களாக அவருக்குச் சொற்கள் தேவைப்படவில்லை. மண்டபத்தில் தங்கும் அந்தப் பிள்ளைகளின் பெயர்களையாவது சொல்லலாம் என்று தோன்றியபோது, துஷாந்த் வாக்கெடுப்புக்கு அழைத்துவிட்டான்.

அவருக்கு எதிராகக் கைகள் மெதுவாக எழுந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தன. கடைசியாக எழுந்தது கிளமெண்டின் கை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துஷாந்த்தான் அவரைக் காரில் கூட்டிப்போனான். மழை பிடித்திருந்தது. லிட்கம் மண்டப வாசலில் காரை நிறுத்திவிட்டு அவன் இறங்காமல் இருந்தான்.

"பெடியளுக்கு நீங்களே சொன்னா நல்லம், அங்கிள். உங்கடை சொல்லைக் கேப்பினம்."

உள்ளே விளக்கு எரிந்தது. தேத்தண்ணீர் மணம். அனுஷன் மலையடியிலிருந்து எழுந்து வந்து அவர் குடையை வாங்கினான்.

"கூட்டத்திலை வெண்டாச்சோ, அண்ணை?"

கணேசலிங்கம் கூரையைப் பார்த்தார். அந்த இடம் அங்கேயே இருந்தது. அனுஷனும் நிமிர்ந்து பார்த்தான். மழை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

"மெத்தையளை எடுங்கோ," என்றார்.