எறும்புக் கடி

நர்ஸம்மாவிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் அந்த வாக்கியம் மனப்பாடம். "கையைத் தளர விடுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தன் கையால் யாருக்கும் வலித்ததில்லை என்பது அவளுடைய பெருமை. சம்பளத்தைவிட, ஹெட் நர்ஸ் பதவியைவிட அவள் பெரிதாக வைத்திருந்தது அதைத்தான். மற்றபடி வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள், அதுவும் நீளமாக.

ஓய்வு பெற்றபிறகு அவள் கையில் மிஞ்சிய ஒரே நோயாளி மந்திரி. மந்திரி ஒரு நாய். குப்பைத் தொட்டியோரம் சொறி பிடித்துக் கிடந்ததைத் தூக்கிவந்து, மருந்து தடவி, மயிர் முளைக்க வைத்தவள் அவள். தேறி எழுந்ததும் அது தலையை நிமிர்த்திக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்த நடையைக் கண்டு, "மந்திரி வர்றார், வழி விடுங்க" என்றார் அவளுடைய கணவர். பெயர் நிலைத்துவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்குகிற மனிதர், வீட்டில் மட்டும் மனைவி நிறுத்திய மாடியில் இறங்கிக்கொள்வார்.

மந்திரிக்கு இரண்டு ராஜ்ஜியம். காலையில் நர்ஸம்மா வீடு. மத்தியானம் சாப்பிட்டு அவள் கண்ணயர்ந்ததும் பக்கத்து வீடு. பக்கத்து வீடு என்றால் யாரோ எவரோ அல்ல, கூடப்பிறந்த தங்கை. அப்பா வாங்கிப்போட்ட ஒரே மனையில் இரண்டு வீடுகள், நடுவில் புல்தரை. தங்கை முன்னறையில் பார்லர் வைத்திருந்தாள். தெருவுக்கே முடி வெட்டி, சாயம் பூசி அனுப்புகிற பார்லர்க்காரி. அக்காவும் தங்கையும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. இடையில் ஒரு சுவர் எழுப்பியிருக்கலாம்தான். ஆனால் முதல் செங்கல்லை வைப்பவள்தான் பொல்லாதவள் என்று ஊர் சொல்லிவிடுமே, அதனால் இருவருமே வைக்கவில்லை.

சண்டை அம்மாவின் தலைமுடியில் தொடங்கியது. அம்மாவுக்கு இடுப்புவரை நீண்ட பின்னல். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோதும், நர்ஸம்மா வேலை முடிந்து வந்து, அலுப்புப் பார்க்காமல் தினமும் அதைச் சீவிப் பின்னிவிடுவாள். ஒருநாள் வந்து பார்த்தால், அம்மா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒட்ட வெட்டிய தலையோடு படுத்திருக்கிறாள். பக்கத்தில் தங்கை, கையில் கத்தரி. "கத்தரி கையில கிடைச்சா பெத்தவளைக்கூட விடமாட்டியா? சாகக் கிடக்கிறவளுக்கு எதுக்குடி ஸ்டைலு?" என்று கேட்டாள் நர்ஸம்மா. தங்கை தரையில் கிடந்த முடியைக் கூட்டி அள்ளினாள். சீக்கிரமே அம்மா போய்ச் சேர்ந்தாள். கேள்வி மட்டும் பதிலில்லாமல் நின்றது.

அந்த வீட்டுக்குத்தான் மந்திரி போய்வந்தது. திரும்பும்போது ஷாம்பூ வாசனை அடிக்கும். ஒருநாள் கண்ணை மறைத்த மயிர்கூட அழகாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. "புண்ணைக் கழுவி வளர்த்தவ நானு. பவுடரைப் போட்டு வளைச்சுக்கிறவ அவ" என்று நர்ஸம்மா பொருமினாள். நாய்க்கு நன்றி உண்டு என்று எவனோ சொன்னானாம், அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பார்லர் இருந்திருக்காது.

அந்தச் சமயம் பார்த்துச் சாமான் கொண்டுவரும் வேன் ஒன்று மந்திரிக்கு ஒரு முழம் தள்ளி சக்கரம் தேய நின்றது. நாய் தப்பித்தது. நர்ஸம்மாவுக்குக் காரணம் கிடைத்தது.

மெக்கானிக் ஒரு பெட்டி வாங்கிவந்தார். மண்ணில் புதைக்க வயர், நாயின் கழுத்துக்கு ஒரு பட்டை. வயரை நெருங்கினால் பட்டை கீச்சென்று சத்தம் போடும். அதையும் மீறிப் போனால் சுரீரென்று ஷாக் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத வேலி.

"இந்த வயர் பெட்டியில கிளம்பிச் சுத்தி வந்து, திரும்பப் பெட்டியிலதான் சேரணும்" என்றார். "ரோட்டோரமாப் போட்டுட்டு, ரெண்டு வீட்டையும் சேர்த்து ஒரு சுத்துச் சுத்தி வந்துட்டா வேலை சுலபம்."

"இங்கயே திருப்புங்க." புல்தரையின் நடுவில் செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்தாள் நர்ஸம்மா.

"வேன் இந்தப் பக்கமாவா வருது?"

அவள் பார்த்த பார்வையில் அவர் அந்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

வயரைப் புதைத்ததும் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் பார்த்தார். "ஐயய்யோ!" என்று உதறிக் கீழே போட்டார். "குடு இங்க" என்று நர்ஸம்மா அதை வாங்கி, மணிக்கட்டில் வைத்து அழுத்திக்கொண்டு தாண்டினாள். முழங்கைவரை ஏதோ வெட்டி இழுத்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு."

"எந்த எறும்பு? கட்டெறும்பா?" என்று கேட்டபடி அவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

வயர் போகும் வழி நெடுகச் சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகளை நட்டு, மந்திரியைக் கயிற்றில் பிடித்து நடத்திப் பழக்கினார்கள். ரோட்டுப் பக்கம் அது ஒரே சத்தத்தில் புரிந்துகொண்டு திரும்பியது. தங்கை வீட்டுப் பக்கம் அப்படியில்லை. கீச்சென்று சத்தம் கேட்டும் நிற்காமல் வாலை ஆட்டிக்கொண்டே போனது. அடுத்த நொடி அது கத்திய கத்தலில் பார்லர் கதவு திறந்தது. சீப்பும் கையுமாகத் தங்கை வாசலில் நின்றாள். அக்காவைப் பார்த்தாள், கொடிகளைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

"ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றாள் நர்ஸம்மா, யாரும் கேட்காமலே.

சரியாகத்தான் போயிற்று. கொடிகளைப் பிடுங்கிய பிறகும் மந்திரி கோட்டைத் தாண்டவில்லை. மத்தியானம் ஆனதும் கோட்டுக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் உள்ளே தள்ளிப் படுத்து, தாடையைத் தரையில் வைத்துப் பார்லர் கதவையே பார்க்கும். தங்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அக்காவின் புல்லில் கால் வைக்கமாட்டாள், ரோஷக்காரி. தலையில் சாயத்தைப் பூசிக்கொண்டு காயக் காத்திருக்கும் பெண்களும் துண்டைப் போர்த்தியபடி அவளோடு வந்து உட்காருவார்கள். சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்து, "நாடகம்! டிக்கெட் போட்டா இன்னும் கூட்டம் வரும்" என்று நர்ஸம்மா பாத்திரத்தை டமாரென்று வைப்பாள். மந்திரியின் தட்டில் சாப்பாடு பாதி அப்படியே கிடந்தது. அதை மட்டும் அவள் ஜன்னலிலிருந்து பார்க்கவில்லை, பக்கத்தில் நின்றே பார்த்தாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், பல்பு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவள் நின்றுவிட்டாள். வேலிப் பெட்டியில் விளக்கு எரியவில்லை. அதன் பிளக் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் டிரில்லுக்கான சார்ஜர் செருகியிருந்தது.

"ஏங்க, இதை எப்போ பிடுங்குனீங்க?"

"போன வாரமோ, அதுக்கு முந்தியோ..." மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "டிரில்லுக்குச் சார்ஜ் போட்டேன், திரும்ப மாட்ட மறந்துட்டேன். ஏன், ஓடிட்டானா?"

"ஓடல" என்றாள். தடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் தினமும் அது படுத்துக் கிடந்திருக்கிறது. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

நேரே புல்தரைக்குப் போய், மந்திரியின் பக்கத்தில் மண்டியிட்டுப் பட்டையைக் கழற்றினாள். கழற்றியவள் கை அப்படியே நின்றது. பட்டையின் உட்புறத்தில் ஷாக் கொடுக்கும் இரண்டு உலோக முனைகளும் அழுத்திய இடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் செத்து, உள்ளே சிவப்பாக இரண்டு புண். இரவு பகல் கழற்றாமல் விட்டதால் வந்தது. படுக்கைப் புண்ணை வார்டுக்கு வெளியே நின்றே மோப்பம் பிடிக்கிறவள் என்று டாக்டர்களே சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டு நாயின் கழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

"போடா. கரண்டு இல்லடா. போ" என்று அதன் முதுகைத் தள்ளினாள். மந்திரி எழுந்தது. ஒரு காலைத் தூக்கியது. நடுங்கிக்கொண்டே அந்தக் காலை இருந்த இடத்திலேயே வைத்தது.

நாற்காலியிலிருந்து தங்கை எழுந்துவிட்டாள். "வாடா, கண்ணு" என்று கூப்பிட்டாள். அது முனகியது. வரவில்லை.

"கரண்டு இல்ல" என்றாள் நர்ஸம்மா. நாலு வருஷத்தில் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது அவனுக்குத் தெரியுமா?" என்றாள் தங்கை.

பின்னால் வந்து நின்ற மெக்கானிக் மெல்லச் சொன்னார். "அவனா தாண்டமாட்டான். யாரு பழக்குனாங்களோ அவங்க முதல்ல தாண்டிக் காட்டணும்."

நர்ஸம்மா எழுந்தாள். கோடு இருந்த இடத்தில் இப்போது புல்தான் இருந்தது. ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய கால் கீழே இறங்க மாட்டேன் என்றது. உள்ளே பெட்டி அணைந்து கிடக்கிறது, தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், இருந்தும் இறங்கவில்லை. மந்திரி அவள் காலையே பார்த்தது. தங்கையும் அதையே பார்த்தாள்.

"சட்டுனு வைம்மா. விழுந்துடப் போற" என்றார் மெக்கானிக்.

வைத்தாள். தாண்டி நாலடி போய், தங்கையின் நாற்காலிக்குப் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்தாள். இனி நாயைக் கூப்பிட வேண்டும். எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

மந்திரி வயிறு தரையில் உரச, கண்ணை இடுக்கிக்கொண்டு ஊர்ந்து வந்தது. ஷாக் வரும், வந்தால் வரட்டும் என்று அது வந்தது. வந்து, தங்கையிடம் போகாமல் நேராக நர்ஸம்மாவின் மடியில் தலையை வைத்து உடம்பெல்லாம் உதற நடுங்கியது. பிறகு அவள் கையை நக்கியது. அந்த நாக்கு பட்டதும் அவளுக்கு அழுகை முட்டியது.

தங்கை உள்ளே ஓடிப் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தாள். நர்ஸம்மா நாயின் கழுத்து மயிரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஆரம்பித்தாள். "அசையாதடா. எறும்பு கடிச்ச..."

பாதியில் நிறுத்தினாள்.

தங்கை மருந்தைப் புல்லில் வைத்தாள். "அம்மாவும் இதையேதான் சொல்லும்" என்றாள்.

"என்ன?"

"பின்னந்தலையில புண்ணு இருந்துச்சுக்கா. பின்னல் மேலயே படுத்துப் படுத்து வந்தது. நீ சீவும்போதெல்லாம் சீப்பு அதுல படும். வலிக்குதாம்மான்னு நான் கேட்டா, எறும்பு கடிச்ச மாதிரிதான்னு சொல்லிச் சிரிக்கும். ஒருநாள் தாங்க முடியல. வெட்டிடுடின்னு அழுதுச்சு. பெரியவகிட்ட மட்டும் சொல்லிடாத, அவ கையால எனக்கு வலிச்சதுன்னு தெரிஞ்சா உடஞ்சு போயிடுவான்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."

நர்ஸம்மாவின் கையில் பஞ்சு அப்படியே இருந்தது. தினமும் அந்தத் தலையைத் தொட்ட கை அது. தொடுவதற்கு முன்னாலேயே சரக்கென்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி, மற்றவர் வாயை அடைத்துவிடுகிற கை. சீவும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். சுகத்தில் மூடுகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவ்வளவு கேட்டேனேடி. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியம் பண்ணியிருந்தேனே."

"இப்ப மட்டும் ஏன் சொன்ன?"

"இப்பதான் நீ பாதியில நிறுத்துன."

ரோட்டில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மந்திரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டது. கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்த மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "பெட்டியை என்ன பண்றது? மாட்டவா, வேண்டாமா?"

நர்ஸம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரோட்டுப் பக்கம் வேணும். வேன்காரன் நம்ம சண்டையைப் பாத்தா ஓட்டுறான்? ஆனா புண்ணு ஆறுற வரைக்கும் பட்டை கிடையாது, கயித்துலதான் இருப்பான். அப்புறமும் வெறும் சத்தம் போதும், ஷாக்கை எடுத்துடுங்க. ராத்திரியில கழட்டிடணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த நடு வயரைத் தோண்டி எடுங்க. இவ வீட்டையும் சேர்த்துச் சுத்திக் கொண்டு வாங்க."

இதைத்தானே முதலிலேயே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷம் சும்மாவா குடும்பம் நடத்தினார்? மண்வெட்டியை எடுக்கப் போய்விட்டார்.

அக்காவும் தங்கையும் நாயை நடுவில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா புண்ணில் மருந்தை ஒற்றினாள். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிட்டு மந்திரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"அன்னிக்கு நான் பேசினது உனக்கு வலிச்சுதாடி?"

அந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் பழகிப்போன அதே பதில்தான் தங்கையின் வாயில் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ரொம்ப வலிச்சுதுக்கா."