வால் கோட்டுப் பின்னேரம்

1985 தை மாதம் முழுக்க, சிவநேசம் இரவு வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும் தெருவில் காலை எட்டு மணிக்குப் பொழுதுபட்டது. அந்தத் தெருவில் மட்டும்தான். பக்கத்துத் தெருவில் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. காரணம் அவர் போட்டிருந்த கோட்டு. அகதியாக வந்திறங்கியவர்களுக்கென்று தேவாலயத்தில் பழைய குளிருடுப்புகளைக் குவித்து வைத்திருந்தார்கள். தடவிப் பார்த்து, கம்பளி நல்ல கம்பளி என்று சிவநேசம் தெரிந்தெடுத்தது, வெள்ளைக்காரப் பெரிய மனிதர் இராவிருந்துக்குப் போடும் கறுப்பு வால் கோட்டு. முன்பக்கம் இடுப்போடு வெட்டுப்பட்டு, பின்பக்கம் முழங்கால் வரை இரண்டு வாலாகத் தொங்கியது. மொத்தமான சுவெட்டருக்கு மேல் அதைக் கொளுவி, காதை மூடிய தொப்பியும் பனிச்சப்பாத்துமாக நடந்தார். வயிறு விறைத்தது, முதுகு சுகமாயிருந்தது. காலையில் இருட்டுவதைப் பற்றி மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை. கனடாவில் மாரிக்குப் பகல் கட்டை என்று ஊரிலேயே சொல்லித்தான் விட்டிருந்தார்கள். இவ்வளவு கட்டையென்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பின்னேரம் ஒழுங்காக வருவதுமில்லை, வந்தால் நிற்பதுமில்லை. வானம் ஒரு பக்கம் சிவந்து, மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். அவர் படியேறிக் கதவைத் திறக்கும் முன்னரே கலைந்துவிடும். மூலையிலிருந்த டெப்பனர் சில்லறைக் கடைக்காரர் காலையில் ‘பொன்சுவா’ என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டார். மேல்மாடித் தமிழ்ப் பெண்கள் சாமிவிளக்கை இரண்டுதரம் கொளுத்தினார்கள். எண்ணெய் கூடச் செலவாகிறதென்று முறைப்பட்டார்களே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சிவநேசம் டோர்வல் விமானநிலையத்தில் இரவிரவாக விமானங்களைக் கூட்டித் துடைக்கிறவர். மனைவி கௌரி பகலில் ஷபனெல் வீதித் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைக்குச் சிப் வைத்துத் தைக்கிறவள். அவர் வர முன்னர் இவள் போய்விடுவாள், இவள் வர முன்னர் அவர் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமையென்றால் ஒருவர் மாறி ஒருவர் நித்திரை. வீட்டிலிருந்த ஒற்றைக் கட்டில் ஒருநாளும் ஆறியதில்லை, ஆனால் அதில் இருவர் சேர்ந்து இருந்து கதைத்த நாளுமில்லை. பாவம், கலியாணம் கட்டிய இரண்டுபேர் பக்கத்து வீட்டுக்காரரைப் போல வாழ்ந்தார்கள்.

மாசியில் ஒரு காலை கௌரி வேலைக்குப் பிந்திப் போகத் துணிந்து, வாசலில் காத்து நின்றாள். “இஞ்சேருங்கோ, இந்த நாட்டுக்கு வந்து உங்களோட ஒரு பின்னேரம் இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறனே? நான் சனிக்கிழமை ரொறன்ரோவுக்கு அண்ணையிட்டப் போறன். அங்கயெண்டாலும் கதைக்க ஆளிருக்கும்,” என்றாள். அவள் சத்தம்போட்டிருந்தால் சமாளித்திருப்பார். அமைதியாகச் சொன்னபடியால், போகத்தான் போகிறாள் என்று விளங்கியது.

அன்று பின்னேரமே வேலைக்குப் போகும் வழியில், மெத்ரோ ரயிலில் அக்னெஸ் அவரை அந்தக் கோட்டோடு கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். திருகோணமலைக்காரி, சென்ட்-ஹூபேர் வீதியில் கலியாண, விருந்து உடுப்பு வாடகைக்கு விடும் கடையொன்றில் இஸ்திரி போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். சிரிப்பு ஓய்ந்தபிறகு கோட்டின் வரலாற்றைச் சொன்னாள். குதிரையேறும் துரைமார் தொடையில் துணி மடியாதிருக்க முன்பக்கத்தை வெட்டி எறிந்தார்களாம். பின்னிடுப்பில் கிடக்கும் இரண்டு பொத்தான்களும் வாலைத் தூக்கிப் பூட்டிய காலத்து மிச்சமாம். குதிரை போனபிறகு கோட்டு விருந்துக்கு வந்து சேர்ந்தது. மாலை ஆறு மணிக்கு முன்னர் அதைப் போடுவது முறையில்லை. யாராவது போட்டால், கோட்டு தன்னுடைய மரியாதையைக் காப்பாற்ற மாலையைத் தானே இழுத்து வந்துவிடும் என்றாள், இஸ்திரிப்பெட்டியின் சூட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சிவநேசம் கௌரியின் முடிவைச் சொல்லி, பின்னேரம் வருகிறது, ஆனால் நிற்பதில்லையே என்று கண் கலங்கினார்.

“எப்பிடி நிக்கும் அண்ணை? சுவெட்டருக்கு மேல போட்டிருக்கிறியள். கையில வேற மணிக்கூடு. இந்த உடுப்போட மணிக்கூடு கட்டுறேல்லை. நேரம் பாக்கிறவனுக்கு விருந்து எதுக்கு?”

கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட்டையும் அதன்மேல் போடும் கையில்லாத வெள்ளை உட்சட்டையையும் வெள்ளைக் கழுத்துப்பட்டியையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். உட்சட்டையின் விளிம்பு கோட்டுக்குக் கீழே தெரியக்கூடாது, கோட்டின் முன்பக்கத்தைப் பூட்டக்கூடாது, கழுத்துப்பட்டியைக் கையால்தான் முடிய வேண்டும் என்றாள். முடிச்சை அவர் விமானக் கழிவறைக் கண்ணாடிகளின் முன்னால் நின்று பழகினார். அந்தக் கிழமை பல விமானங்கள் கண்ணாடி மட்டும் பளபளக்கப் புறப்பட்டன.

வெள்ளிக்கிழமை காலை டோர்வலிலிருந்து நேரே ஷபனெல் வீதிக்குப் போனார். தொழிற்சாலையின் எதிரே, பஸ் தரிப்பிடத்தின் மறைவில் நின்று உடுத்தினார். உட்சட்டையின் மேல் கோட்டு ஏறியதும் வானம் இருபக்கமும் ஒரேயளவாகச் சிவந்தது. கழுத்துப்பட்டி முடிச்சு விழுந்ததும் வெள்ளிகள் பூத்தன. மணிக்கூட்டைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்ததும் காற்று அடங்கி, பின்னேரம் அப்படியே நிலைத்து நின்றது. தெருவிளக்குகள் எரிந்தன. மேற்பார்வைக்காரர் யன்னலைப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த மணிக்கூட்டை நிமிர்ந்தும் பாராமல், வேலை முடிகிற மணியை அடித்தார். பெண்கள் கலகலத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள், கடைசியாகக் கௌரி. தரிப்பிடத்து வாங்கில் இருந்த சிவநேசம் எழுந்தார். பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தலும் இரண்டு கோப்பையும் இருந்தன.

“பின்னேரம் ஆயிட்டுது. இரும், குடிச்சிட்டுப் போவம்,” என்றார்.

அவள் அவரைக் கால் தொடக்கம் தலை வரை பார்த்தாள். “கழுத்துப்பட்டி சரிஞ்சு கிடக்கு,” என்று சொல்லி, அதை நிமிர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்தாள். தேத்தண்ணி முடிந்தது, கதை முடியவில்லை. சனிக்கிழமை ரொறன்ரோ பஸ் அவளில்லாமல் போனது.

அதன்பிறகு வெள்ளிதோறும் அந்த வீதியில் காலையில் பின்னேரம் வந்தது. தொழிற்சாலை வெள்ளிக்கிழமைகளில் விடியுமுன்னே வேலையைத் தொடங்கியது, பஸ்காரர் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். 1987 ஆனியில் கௌரிக்கு வலி கண்டபோதும் சிவநேசம் முறைப்படி உடுத்து, மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி யன்னலோரம் அவளுடைய கையைப் பிடித்தபடி நின்றார். பிறந்தது பெண்பிள்ளை. சாதகத்தில் ‘காலை பத்தரை, விளக்கு வைக்கும் நேரம்’ என்று எழுதிய சாத்திரியார், நல்ல நேரம் என்று மட்டும் சொன்னார்.